மாநகர் மன்றம் பசுமை மின்சாரம் வாங்குவது எப்படி? பினாங்கை வைத்து ஒரு தொடக்க வழிகாட்டி

ஊராட்சி மன்றத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மன்ற உறுப்பினராக நியமனம் பெற்றவர்கள், "நம் மாநகரம் எப்போது முழுக்கப் பசுமை மின்சாரத்துக்கு மாறும்?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்கும் குடியிருப்பாளர் சங்கத்தினர் ஆகியோருக்கானது இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டுகள் பினாங்கைச் சார்ந்தவை. கோலாலம்பூர்க்காரர்கள் மன்றத்தின் பெயரை மட்டும் மாற்றிப் படித்தால் போதும். மின் விநியோக நிறுவனமான தெனாகா நேஷனல், எரிசக்தி ஆணையம், கட்டண அட்டவணை எல்லாம் தீபகற்ப மலேசியா முழுவதற்கும் ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். மின்சாரம் ஒரு சரக்கு. அது சூரியனிலிருந்தோ நீரிலிருந்தோ வந்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை வேறொரு சரக்கு. கிரிட்டுக்குள், அதாவது எல்லா மின்நிலையங்களையும் இணைக்கும் கம்பி வலைக்குள், நுழைந்தபின் எது மஞ்சோங் நிலக்கரி, எது கெடா சோலார் என்று யாராலும் பிரித்துக்காட்ட முடியாது. ஆகவே, பதிவு செய்துகொண்ட ஒரு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிலையம் ஒரு மெகாவாட் மணி, அதாவது 1,000 யூனிட், உற்பத்தி செய்யும்போது அதற்கு ஒரு சான்றிதழ் தரப்படுகிறது. சுருக்கமாக ஆர்இசி. அந்தச் சான்றிதழை யார் தன் பெயரில் பயன்படுத்தி முடிக்கிறாரோ, அவர்தான் அந்த 1,000 யூனிட்டைப் பசுமை என்று கணக்கில் எழுதலாம். சோலார் பலகை உங்கள் கூரையிலேயே இருந்தாலும், சான்றிதழ் வேறொருவர் கையில் இருந்தால் அந்தப் பசுமை உங்களுடையது அல்ல. மன்றங்கள் இந்தத் துறையில் சறுக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

படி 1: யாருடைய மின்சாரம் என்று எல்லை போடுங்கள்

"மாநகரின் கரிமத் தடம்" என்ற சொல் இரண்டு வெவ்வேறு கணக்குகளைக் குறிக்கிறது. ஒன்று, மன்றம் தானே பில் கட்டும் மின்சாரம்: அலுவலகங்கள், தெருவிளக்குகள், சந்தைகள், மண்டபங்கள், விளையாட்டு அரங்குகள், வெள்ள நீர் பம்புகள். மற்றொன்று, மாநகர எல்லைக்குள் எல்லோரும் பயன்படுத்தும் மின்சாரம்: வீடுகள், ஹோட்டல்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் உட்பட. பினாங்கில் இரண்டாவது முதலாவதைவிட மிகமிகப் பெரியது. மன்றம் நேரடியாக வாங்கும் மின்சாரம் முதல் கணக்கை மட்டுமே மாற்றும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மாநகர அளவிலான கணக்குக்கு உலக நகரங்கள் பின்பற்றுவது 2014இல் வந்த ஜிபிசி நெறிமுறை. அதில் கிரிட் மின்சாரத்தை "இட அடிப்படையில்" கணக்கிட வேண்டும். அதாவது அந்தக் கிரிட்டின் சராசரி உமிழ்வைக்கொண்டு பெருக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு ஆர்இசி வாங்கினாலும் அந்த எண் இறங்காது. அதைத் தனி வரியாகக் காட்டலாம், அவ்வளவே. கோலாலம்பூர் 2010ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து 2030க்குள் உமிழ்வுச் செறிவை, அதாவது பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் வெளியாகும் அளவை, 70 சதவீதம் குறைக்க இலக்கு வைத்திருக்கிறது. அத்தகைய நகர இலக்கை ஆர்இசி வாங்கி எட்டிவிடலாம் என்று யாராவது மேசையில் சொன்னால், எந்தக் கணக்கைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலில் கேளுங்கள். இந்தக் கட்டுரை இனி மன்றத்தின் சொந்த மின்சாரத்தைப் பற்றியது.

எல்லை போடும்போது வாடகை இடங்கள் தகராறு செய்யும். கொம்தார் கோபுரத்தில் மன்ற அலுவலகம் இயங்குகிறது, ஆனால் கட்டடம் மன்றத்துடையது அல்ல. அத்தகைய இடங்களில் மீட்டர் யார் பெயரில் இருக்கிறது, குளிரூட்டி மின்சாரம் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அதேபோல் சந்தைக் கடைக்காரர்கள் தனி மீட்டரில் கட்டும் மின்சாரம் அவர்களுடையது. கூட்டு மீட்டரில் போவது உங்களுடையது. முடிவு எதுவானாலும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு அதிகாரி வேறு மாதிரி எண்ணினால், ஒரு விளக்கைக்கூட அணைக்காமலே உமிழ்வு குறைந்ததுபோல் தெரியும்.

படி 2: பில்களைத் திரட்டுங்கள்

சலிப்பான வேலை. ஆனால் இதைத் தாண்டிக் குதித்த மன்றம் எதுவும் ஒழுங்காக ஒப்பந்தம் போட்டதில்லை என்றே சொல்லலாம்.

ஒரு பெரிய அட்டவணை திறந்து ஒவ்வொரு தெனாகா கணக்குக்கும் ஒரு வரி எழுதுங்கள்: கணக்கு எண், இடம், தாழ்வு அல்லது நடுத்தர மின்னழுத்தமா, கட்டண வகை, கடந்த 12 மாத யூனிட், மாதாந்திர உச்சத் தேவை (அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச கிலோவாட்). பெரிய இணைப்புகளுக்கு அரைமணி நேர வாரியான பயன்பாட்டுத் தரவையும் தெனாகாவிடம் கேட்டு வாங்குங்கள். ஆண்டு மொத்தம் எவ்வளவு வாங்குவது என்று சொல்லும். எந்த வகை மின்சாரம் பொருந்தும் என்பதை அரைமணி நேரத் தரவுதான் சொல்லும்.

இந்தப் பட்டியல் போடும்போதே பணம் மீளும். இடித்துவிட்ட கழிப்பறைக்கு வரும் பில், பொதுப்பணித் துறைச் சாலையின் விளக்குக்கு மன்றம் கட்டும் பில், ஒரே இடத்துக்கு இரண்டு இணைப்பு என்று ஏதாவது சிக்கும். மீட்டர் இல்லாமல் விளக்கின் வாட்டை வைத்துக் கட்டணம் போடும் இணைப்புகள் இருந்தால் தனி நிறத்தில் குறியுங்கள். அங்கே எல்இடி மாற்றினாலும், பதிவேட்டில் வாட் எண்ணை மாற்றும்வரை பில் இறங்காது.

இனி வரும் கணக்குகளுக்கு ஒரு கற்பனை மன்றத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுப் பயன்பாடு 30 மில்லியன் யூனிட். அதில் 14 மில்லியன் தெருவிளக்கு, 8 மில்லியன் அலுவலகக் கட்டடங்கள், மீதி 8 மில்லியன் சந்தை, அரங்கு, பம்பு, கார் நிறுத்தங்கள். தீபகற்ப கிரிட்டுக்கு எரிசக்தி ஆணையம் வெளியிட்ட 2022ஆம் ஆண்டு உமிழ்வுக் காரணி ஒரு யூனிட்டுக்கு 0.774 கிலோ கரியமில வாயு. 30 மில்லியனை அதனால் பெருக்கினால் 23,220 டன். பழைய அறிக்கைகளில் வேறு காரணி இருக்கலாம். அடிப்படை ஆண்டுக்கு ஒரு மூலத்தின் எண்ணும் இந்த ஆண்டுக்கு வேறொரு மூலத்தின் எண்ணும் போட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும். இரண்டையும் ஒரே மூலத்திலிருந்து எடுத்துத் திருத்துங்கள்.

படி 3: வாங்குவதற்கு முன் குறையுங்கள்

பினாங்கில் இரவு ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம். ஒரு தெருவிளக்கு ஆண்டுக்குச் சுமார் 4,380 மணி நேரம் எரியும். நம் கற்பனை மன்றத்தின் 14 மில்லியன் யூனிட் என்பது 160 வாட் இழுக்கும் 20,000 சோடியம் விளக்குகளுக்குச் சமம். அவற்றை 70 வாட் எல்இடியாக மாற்றினால் 6.1 மில்லியன் யூனிட்டில் முடியும். ஆண்டுக்கு 7.9 மில்லியன் யூனிட், 6,100 டன் மிச்சம். இந்த அளவுக்கு ஒரே அடியில் இறங்கும் பசுமை ஒப்பந்தம் எதுவும் மன்றத்துக்குக் கிடைக்காது.

எல்இடியில் கவனிக்க வேண்டியது மின்னல். திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தாங்கும் பாதுகாப்பு இல்லாத மலிவு விளக்குகளில், மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் பகுதி ஓரிரு மழைக்காலத்தில் கருகிப் போகும். டெண்டரில் 10 கிலோவோல்ட் தாங்குதிறன் கேட்பது நல்லது.

கட்டடங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள எரிசக்தித் திறன் மற்றும் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 861, உங்களுக்குக் கைகொடுக்கும். ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 6 மில்லியன் யூனிட்டுக்குச் சமமான எரிசக்தியைத் தாண்டும் பயனாளர்கள் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். 8,000 சதுர மீட்டரைத் தொடும் அலுவலகக் கட்டடங்களுக்கு எரிசக்தி முத்திரை வேண்டும். குளிரூட்டி நேரத்தைத் திருத்தும் வேலைக்குத் தனியாக யாரிடமும் அனுமதி கெஞ்ச வேண்டியதில்லை. சட்டத்தைக் காட்டுங்கள்.

இந்தப் படி முடிந்ததும் நம் மன்றத்தின் தேவை சுமார் 22 மில்லியன் யூனிட். கட்டடங்களில் வரும் சேமிப்பை இதில் சேர்க்கவில்லை.

படி 4: சொந்தக் கூரை

மன்றத்துக்கு உறுதியான பலன் தரும் இடம் இதுதான். ஆனால் கூரை கிடைத்ததே என்று பலகை அடுக்கினால் ஏமாற்றம்.

அளவை இப்படிப் போடுங்கள். 600 வாட் பலகை ஒன்று சுமார் 2.7 சதுர மீட்டர். நடைபாதை, நிழல், தண்ணீர்த்தொட்டி போக ஒரு கூரையில் 60 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால், 3,000 சதுர மீட்டர் கூரையில் ஏறத்தாழ 400 கிலோவாட் பொருத்தலாம். பினாங்கில் ஒரு கிலோவாட் பலகைக்கு ஆண்டுக்கு 1,300 யூனிட் என்று கணக்கிட்டால் 5,20,000 யூனிட் வரும். விற்பனையாளர் 1,500 என்று எழுதினால், எந்த நிழல் கணிப்பு, எந்த வானிலைத் தரவு என்று கேளுங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கு, மேற்கு நோக்கிய கூரைகளிலும் பெரிய இழப்பு இல்லை. ஆனால் சாய்வு 10 பாகைக்குக் குறைந்தால் மழை தானாகக் கழுவாது. ஓரத்தில் அழுக்குப் பட்டை படியும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, அந்த மின்சாரம் வரும் நேரத்தில் கீழே யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது. ஈரச் சந்தைக்குப் பெரிய கூரை இருக்கும். ஆனால் விடியற்காலையில் களைகட்டி மதியத்தில் ஓய்ந்துவிடும். சூரியன் உச்சியில் இருக்கும்போது கீழே விசிறிகூடச் சுற்றாது. ஊரில் பல கோயில் மண்டபங்களின் நிலையும் இதேதான்: பகலில் பூட்டு, இரவில் கல்யாண வரவேற்பு. அங்கெல்லாம் பெரிய அமைப்பு போட்டால் பாதிக்குமேல் கிரிட்டுக்குப் போகும்.

கிரிட்டுக்குப் போவதன் விலை முன்போல் இல்லை. கூரைச் சோலாரின் உபரியைப் பில்லில் கழித்துத் தந்த நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30இல் முடிந்தது. அதற்குப் பதிலாக 2026இல் வந்த சோலார் அடாப் திட்டத்தில், வீடு அல்லாத பயனாளர்களின் உபரி மின்சாரத்துக்குச் சந்தை விலைதான் கிடைக்கும்; அந்த மாதக் கிரெடிட் மீந்தால் அடுத்த மாதத்துக்குப் போகாது. எனவே வேலைநாள் மதியத் தேவையைப் பார்ப்பதோடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமை மதியத் தேவையையும் பார்த்து அளவைத் தீர்மானியுங்கள். அலுவலகங்கள் வாரத்தில் இரண்டு நாள் தூங்குகின்றன என்பதைச் சோலார் விற்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுவார்கள்.

2025 ஜூலையில் கட்டண அமைப்பு மாறியதும் முக்கியம். தாழ்வு மின்னழுத்த இணைப்பில் எரிசக்தி, கொள்திறன் (மின்நிலையங்களைத் தயாராக வைத்திருப்பதற்கு), பிணையம் (கம்பிகளுக்கு) ஆகிய மூன்று கட்டணமும் யூனிட் கணக்கில் வருகின்றன. ஆகவே ஒரு யூனிட் சோலார் ஏறத்தாழ 50 சென் மிச்சப்படுத்தும். நடுத்தர மின்னழுத்தத்தில் கொள்திறனும் பிணையமும் உச்சத் தேவையை வைத்துக் கிலோவாட் கணக்கில் வருகின்றன. அங்கே ஒரு யூனிட் சோலார் மிச்சப்படுத்துவது எரிசக்திப் பகுதியை மட்டுமே, சுமார் 30 சென். உச்சத் தேவை குறையுமா? ஒரு மாதத்தில் ஒரே ஒரு அரைமணி நேரம், மாலை நான்கு மணிக்குப் புயல் மழை வந்து வெளிச்சம் மறைந்தால் போதும், அந்த மாதச் சேமிப்பு போய்விடும். ஆகவே பெரிய தலைமையகத்தைவிட நடுத்தரமான நூலகம், கிளை அலுவலகம், கிளினிக் கூரைகள் சீக்கிரம் முதலை மீட்கும். பத்திரிகைப் படத்துக்குத் தலைமையகம்தான் அழகாக இருக்கும். அது வேறு விஷயம்.

கூரையைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• கூரைத் தகட்டுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள்? பத்துக்குக் கீழ் என்றால் முதலில் தகட்டை மாற்றுங்கள். பின்னால் பலகையை இறக்கி ஏற்றும் செலவு எல்லா லாபத்தையும் தின்றுவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு துளைகூடப் போடக்கூடாது.

• தாங்கியோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ கூடும். பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும்.

• கடலோரத்தில் உப்புக்காற்று. ஐஇசி 61701 உப்புமூட்டச் சோதனை தேறிய பலகை, 316 தர துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் என்று டெண்டரிலேயே எழுதுங்கள். இதை விட்டால் ஐந்தாவது ஆண்டில் தாங்கிகள் பழுப்பு நிறத்தில் கண்ணீர் விடும்.

• 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பாரம்பரியப் பகுதிக்குள் உள்ள கூரைகளை முதல் சுற்றில் விட்டுவிடுங்கள். 1903இல் கட்டிய மாநகர் மண்டபத்தின் மேல் பலகை வைக்க அனுமதி கேட்டு அலையும் நேரத்தில், வெளியே நான்கு கூரைகளை முடித்துவிடலாம்.

பணத்துக்கு இரண்டு வழி. மன்றமே முதல் போடலாம். அல்லது ஒரு நிறுவனம் தன் செலவில் பொருத்தி 20, 25 ஆண்டுக்கு யூனிட் விலைக்கு விற்கும் ஒப்பந்தம் போடலாம். இரண்டாவதில் பட்ஜெட் சுமை இல்லை, ஆனால் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் கால் நூற்றாண்டு உங்களைக் கட்டும். "தெனாகா கட்டணத்தில் இத்தனை சதவீதம் கழிவு" என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். கட்டணம் பல பாகங்களாகப் பிரிந்துவிட்ட பிறகு "கட்டணம்" என்பது எந்தப் பாகம் என்று சண்டை வரும். சென்னில் விலை, ஆண்டு உயர்வு விகிதம் என்று எண்ணாகவே எழுதுங்கள். குறைந்தபட்சக் கொள்முதல் நிபந்தனை, கூரை பழுதுபார்க்கும்போது யார் செலவு, இடையில் வாங்கிக்கொள்ளும் விலைப் பட்டியல், உற்பத்தி குறைந்தால் ஈடு ஆகியவை கட்டாயம். இவற்றோடு ஒரு வரி: "இந்த அமைப்பிலிருந்து வரும் எல்லாச் சுற்றுச்சூழல் உரிமைகளும் ஆர்இசிகளும் மன்றத்துக்கே உரியவை." இது இல்லாத ஒப்பந்தத்தில் மன்றம் வாங்குவது மலிவான மின்சாரம் மட்டுமே.

சொந்தமாகப் பொருத்தினால் பராமரிப்பு வரியைப் பட்ஜெட்டில் இப்போதே போடுங்கள்: ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு முறை கழுவுதல், 10 முதல் 12 ஆண்டில் இன்வெர்ட்டர் மாற்றம், பலகைத் திறன் ஆண்டுக்கு அரை சதவீதம் வரை இறங்குவது. மன்றங்களில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், ஒரு இன்வெர்ட்டர் நின்றுபோய் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. கண்காணிப்புச் செயலியின் எச்சரிக்கை, பணிமாறிப்போன ஓர் அதிகாரியின் மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருக்கும். பதவிக்குரிய பொது முகவரியைக் கொடுங்கள்.

நல்ல கூரைகள் எல்லாம் சேர்ந்து 2 மெகாவாட் வந்தால், ஆண்டுக்கு 2.6 மில்லியன் யூனிட். 22இல் 2.6. மீதி சுமார் 19.5 மில்லியன் யூனிட்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரவில் எரியும் தெருவிளக்கு.

படி 5: வெளியிலிருந்து வாங்கும் வழிகள்

மெல்பர்ன் மாநகர் மன்றம் வேறு மன்றங்கள், பல்கலைக்கழகங்கள், வங்கிகளோடு கூட்டுச் சேர்ந்து, மொத்தம் 14 அமைப்புகளாக, கிரவுலண்ட்ஸ் காற்றாலையிலிருந்து பத்தாண்டு ஒப்பந்தம் போட்டது. 2019 முதல் தன் பயன்பாடு முழுவதையும் புதுப்பிக்கத்தக்க மின்சாரமாகக் காட்டுகிறது. இதைக் கேட்டதும் நாமும் செய்யலாமே என்று தோன்றும். அங்கே மின்சாரத்தைச் சில்லறையாக விற்கப் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. இங்கே தீபகற்பத்தில் அநேகமாக எல்லா இடத்திலும் விற்பவர் தெனாகா ஒருவர்தான். மெல்பர்னிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது கூட்டுச் சேரும் உத்தி. தீவு மன்றமும் செபராங் பிறை மன்றமும் தனித்தனியே பேரம் பேசுவதைவிட ஒன்றாகப் பேசினால் அளவு கூடும், சட்ட ஆலோசனைச் செலவு பாதியாகும்.

டெக்சஸ் மாநிலத்தில் நம் ஊர்ப் பெயரையே கொண்ட ஜார்ஜ்டவுன் என்ற சிறு நகரம் எதிர்ப்பக்கம். காற்று, சூரிய மின்சாரத்தை நீண்டகால நிலையான விலைக்கு, வளரப்போகும் ஊருக்கென்று தேவைக்கு மேலேயே வாங்கிவிட்டது. எரிவாயு மலிந்து சந்தை விலை விழுந்தது. உபரியை நட்டத்துக்கு விற்க வேண்டி வந்து 2018இல் சுமார் 7 மில்லியன் டாலர் துண்டு விழுந்தது; மக்களின் பில் ஏறியது. தேவையில் 70, 80 சதவீதத்துக்கு மேல் நீண்டகால ஒப்பந்தத்தில் பூட்டாதீர்கள். எல்இடி மாற்றம் பாதியில் இருக்கும்போது பழைய பயன்பாட்டை வைத்து ஒப்பந்தம் போடுவதும் இதே குழிதான்.

இங்கே மன்றத்துக்குத் திறந்திருக்கும் கதவுகள் சில.

பசுமை மின்கட்டணம், அதாவது ஜிஇடி. 2022 முதல் தெனாகா வழங்கிவருகிறது. வழக்கமான பில்லுக்கு மேல் யூனிட்டுக்கு இத்தனை சென் என்று கூடுதல் கட்டி, தெனாகாவின் நீர்மின், சோலார் உற்பத்தியின் பசுமை உரிமையைப் பெறலாம். வீடுகளுக்கு 100 யூனிட், வணிகத்துக்கு 1,000 யூனிட் என்று கட்டுக்கட்டாகச் சந்தா. தொடக்கத்தில் கூடுதல் 3.7 சென்; பின்னர் மாற்றப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளின் விலையைத் தெனாகா பக்கத்தில் பார்த்து, 19.5 மில்லியனால் பெருக்கி நிதிப்பிரிவுக்குக் காட்டுங்கள். ஒரு சென் கூடுதல் என்றாலே ஆண்டுக்கு 1,95,000 ரிங்கிட். ஜிஇடியின் பலம் எளிமை. டெண்டர் இல்லை, ஒப்பந்த வழக்கறிஞர் இல்லை, இருக்கும் கணக்கிலேயே சேரலாம். பலவீனம், புதிதாக ஒரு பலகைகூட இதனால் எழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிறிய மன்றத்துக்கு முதல் அடியாக இது போதும் என்பதே எங்கள் கருத்து.

கிரெஸ் திட்டம். 2024 செப்டம்பரில் தொடங்கியது. சோலார் நிலையத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு, தெனாகாவின் கம்பியைப் பயன்படுத்தக் கட்டணம் கட்ட வேண்டும். அறிமுகமானபோது அந்தக் கட்டணம், மின்கலச் சேமிப்போடு உறுதியாக வரும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 25 சென், ஏறி இறங்கும் மின்சாரத்துக்கு 45 சென். இதன்மேல் மின்சாரத்தின் விலை வேறு. தரவு மையங்களுக்குப் பொருந்தலாம். தாழ்வு மின்னழுத்தத் தெருவிளக்குகளை நிரம்ப வைத்திருக்கும் மன்றத்துக்கு இன்றைய நிலையில் பொருந்தாது. அளவும் ஒரு தடை: 19.5 மில்லியன் யூனிட்டுக்கு 15 மெகாவாட் பலகை போதும், நிலையம் கட்டுபவர்கள் தேடுவதோ அதைவிடப் பெரிய வாடிக்கையாளர்களை.

"பில்லில் 1.6 சதவீதம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குக் கட்டுகிறோமே, அதை நம் பங்கு என்று சொல்லக்கூடாதா?" என்று கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் கேட்பார். கூடாது. அந்த நிதி பழைய சோலார், பயோகேஸ் நிலையங்களுக்கு வாக்களித்த விலையைக் கொடுக்கிறது. கட்டியவர் பெயரில் சான்றிதழ் எதுவும் வருவதில்லை.

படி 6: எஞ்சியதற்கு ஆர்இசி

மற்ற வழிகளுக்குப் பிறகு மிச்சமிருக்கும் யூனிட்டுக்கு மட்டும் தனி ஆர்இசி வாங்குங்கள். தெனாகா குழுமத்தின் எம்கேட்ஸ் தளம், புர்சா கார்பன் எக்ஸ்சேஞ்ச், தரகர்கள் என்று பல கடைகள் உண்டு. கொட்டேஷன் கேட்கும்போது ஐந்து விவரம் எழுத்தில் வேண்டும்: எந்தப் பதிவகம் (சான்றிதழ்களைப் பதிந்து கண்காணிக்கும் அமைப்பு), எந்த நிலையம், என்ன தொழில்நுட்பம், நிலையம் இயங்கத் தொடங்கிய ஆண்டு, மின்சாரம் உற்பத்தியான மாதம்.

மலிவாக வருவது பெரும்பாலும் பெரிய அணைகளின் சான்றிதழ். சரவாக்கின் பாக்குன் அணை 2,400 மெகாவாட். அந்த மின்சாரமும் நம்முடையதும் ஒரே நாடு, ஆனால் கம்பியால் இணைக்கப்படாத இரண்டு கிரிட்டுகள். விதிப்படி வாங்கலாம். பினாங்கு மக்களிடம் "நம் தெருவிளக்கு பாக்குனில் எரிகிறது" என்று சொன்னால் கேள்வி வரும். சில யூனிட்டுக்காவது கெடாவின் புக்கிட் செலம்பாவ், கோல கெட்டில் பக்கத்து சோலார் பண்ணைகள் போன்ற, இதே கிரிட்டில் உள்ள புதிய நிலையங்களின் சான்றிதழைக் கேளுங்கள். முழுக்கப் பசுமை மின்சாரத்துக்கு மாற உறுதியெடுத்த நிறுவனங்களின் ஆர்இ100 அமைப்பு 15 ஆண்டுக்குள் இயங்கத் தொடங்கிய நிலையங்களையே பொதுவாக ஏற்கிறது. மன்றம் அதில் உறுப்பினர் இல்லாவிட்டாலும் நல்ல அளவுகோல்.

வாங்குவதோடு வேலை முடிவதில்லை. சான்றிதழ் மன்றத்தின் பெயரில், குறிப்பிட்ட அறிக்கை ஆண்டுக்காகப் பதிவகத்தில் முடித்துவைக்கப்பட வேண்டும். தரகரின் கணக்கில் சும்மா கிடக்கும் சான்றிதழை அவர் நாளை இன்னொருவருக்கு விற்க முடியும். பயனாளி பெயர், வரிசை எண்கள், காலம் எல்லாம் உள்ள முடிப்புச் சான்று கையில் வரும்வரை பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுக்காதீர்கள். ஜிஇடியில் ஏற்கெனவே சேர்த்த யூனிட்டுக்கு மறுபடி ஆர்இசி வாங்கியிருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரு பிரிவுகள் தனித்தனியே வாங்கும்போது இப்படி நடக்கும். கார்பன் கிரெடிட், அதாவது வேறிடத்தில் உமிழ்வைக் குறைத்ததற்கான சான்று, வேறு. காட்டுப் பாதுகாப்புக் கிரெடிட்டை வைத்து மின்சாரக் கணக்கைப் பூஜ்யமாக்க முடியாது.

படி 7: எழுதும் முறை

வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வைக் கணக்கிட 2015இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டுதல் இரண்டு எண்களைக் கேட்கிறது: கிரிட் சராசரியை வைத்த இட அடிப்படை, வாங்கிய சான்றிதழ்களைக் கணக்கில் எடுக்கும் சந்தை அடிப்படை. நம் கற்பனை மன்றத்துக்கு: இட அடிப்படையில் 23,220 டன்னிலிருந்து சுமார் 15,100 டன், எஞ்சிய யூனிட் முழுவதற்கும் சான்றிதழ் இருந்தால் சந்தை அடிப்படையில் பூஜ்யம். முதல் எண்ணின் இறக்கம் எல்இடியும் கூரையும் செய்தது, இரண்டாவது எண்ணில் மீதியைச் செய்தது பணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். பூஜ்யத்தை மட்டும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், தெருவிளக்கு இரவில் எரிகிறது, சோலார் சான்றிதழ் பகலில் பிறந்தது என்று ஒரு பள்ளி மாணவரே கேட்டுவிடுவார். இப்போதைய விதி ஆண்டு அளவில் பொருந்தினால் போதும் என்கிறது. மணிக்கு மணி பொருந்த வேண்டும் என்ற திருத்தம் உலக அளவில் விவாதத்தில் இருக்கிறது. ஆகவே 2030ஐத் தாண்டும் ஒப்பந்தம் எதிலும், மணிவாரி உற்பத்தித் தரவை நிலையம் தர வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

காலக்கணக்கு: பில் பட்டியலுக்கு மூன்று மாதம், கூரை ஆய்வுக்கும் டெண்டருக்கும் ஆறு முதல் ஒன்பது மாதம், பொருத்தி மீட்டர் மாற்றி ஓட்ட இன்னும் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஇடியை இடையில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆண்டுப் பயன்பாடு ஜனவரியில்தான் தெரியும் என்பதால், கடந்த ஆண்டு உற்பத்தியான ஆர்இசிகளை முதல் காலாண்டில் வாங்கி முடிப்பது வசதி. அதற்கான பணம் முந்தைய ஆண்டின் கடைசியில் நிறைவேறும் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். இது எந்தச் செலவுத் தலைப்பு, கையில் பிடிக்கப் பொருள் எதுவும் வரவில்லையே என்று நிதிப்பிரிவு கேட்கும். மின்கட்டணத் தலைப்பின் கீழ் ஒரு துணைத் தலைப்பைத் திறக்கச் சொல்லி ஆகஸ்டிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள்.